போஸ்ட்பேக் என்றால் என்ன? அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் எதைத் தேர்ந்தெடுப்பது?

சென்ற வருடம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு டிரான்ஸ்கிரிப்டுகள், அதாவது கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள், அருகருகே கிடந்தன. ஒன்று என் அக்கா மகளுடையது. எகனாமிக்ஸ் படித்தவள், ஜி.பி.ஏ. (4க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.8, ஒரு வங்கியில் நான்கு வருட வேலை. கல்லூரியில் கெமிஸ்ட்ரி பக்கமே போனதில்லை. மற்றது நண்பர் மகனுடையது. பயாலஜி பட்டம், ஜி.பி.ஏ. 3.0. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஒரு சி, பிசிக்ஸில் ஒரு சி மைனஸ். இருவருக்கும் டாக்டராக வேண்டும் என்ற ஆசை. ஒருத்தி சித்தி என்று கூப்பிட்டுக் கேட்டாள், ஒருவன் ஆன்ட்டி என்று கூப்பிட்டுக் கேட்டான், கேள்வி மட்டும் ஒன்றுதான்: "எந்த போஸ்ட்பேக் நல்லது?"

இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்லவே முடியாது. ஏன் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் இந்த விஷயத்தில் கல்லூரியின் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த டிரான்ஸ்கிரிப்டை.

அடிப்படையிலிருந்து வருவோம். நம் ஊரில் பிளஸ் டூ முடித்து நீட் எழுதி நேராக எம்.பி.பி.எஸ். சேர்கிறோம். அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு. அதற்குப் பிறகுதான் நான்கு வருட மருத்துவக் கல்லூரி. அங்கே கிடைக்கும் எம்.டி.தான் டாக்டருக்கான முதல் பட்டம். நம் ஊர் எம்.டி. போல மேற்படிப்பு அல்ல. அதற்கு இணையாக டி.ஓ. என்று இன்னொரு பட்டமும் உண்டு. இரண்டு பட்டக்காரர்களும் முழு மருத்துவர்கள்தான்.

அந்த முதல் பட்டம் வரலாறாக இருக்கலாம், இசையாக இருக்கலாம். ஆனால் எதைப் படித்திருந்தாலும் சில அறிவியல் பாடங்களை முடித்திருக்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது ஆய்வகத்தோடு சேர்த்து ஒரு வருட பயாலஜி, ஒரு வருட ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஒரு வருட ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஒரு வருட பிசிக்ஸ், அப்புறம் ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி. கல்லூரிக்குக் கல்லூரி இந்தப் பட்டியல் கொஞ்சம் மாறும். புள்ளியியல், சைக்காலஜி, ஆங்கிலம் கேட்பவர்களும் உண்டு. இதையெல்லாம் பிரீமெட் பாடங்கள் என்கிறார்கள். இதற்கு மேல் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு. இடைவேளையோடு சேர்த்து ஏழரை மணி நேரம். மதிப்பெண் 472 முதல் 528 வரை. சமீப வருடங்களில் எம்.டி. கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களின் சராசரி 511, 512 வாக்கில் இருக்கிறது; ஜி.பி.ஏ. சராசரி 3.7க்கும் 3.8க்கும் நடுவில். டி.ஓ. கல்லூரிகளில் இரண்டும் கொஞ்சம் குறைவு.

பட்டம் வாங்கிய பிறகு, மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன், இந்தப் பாடங்களுக்காக மறுபடி கல்லூரிக்குப் போவதுதான் போஸ்ட்பேக். பேக்கலரேட் பட்டத்துக்குப் பிந்தையது என்பதன் சுருக்கம். இது ஒரு பட்டத்தின் பெயரும் அல்ல, ஒரே மாதிரியான படிப்பும் அல்ல. அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

படிக்காதவரா, படித்தும் மதிப்பெண் வராதவரா?

என் அக்கா மகள் முதல் வகை. பாடங்களைப் படித்ததே இல்லை. இப்படி வேறு துறையிலிருந்து வருகிறவர்களைக் கேரியர் சேஞ்சர் என்பார்கள். இவர்களுக்கென்றே நடக்கும் படிப்புகள் உண்டு. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போஸ்ட்பேக் 1955இல் தொடங்கியது. பென்சில்வேனியாவில் பிரின் மார், மேரிலாந்தில் கௌச்சர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆகியவை இந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். பிரின் மார், ஸ்கிரிப்ஸ் இரண்டும் இளநிலையில் பெண்கள் கல்லூரிகள். போஸ்ட்பேக்கில் ஆண்களும் சேரலாம். இந்த வகைப் படிப்புகளில் பல, ஏற்கெனவே பிரீமெட் பாடங்களைப் பெரும்பாலும் முடித்துவிட்டவர்களைச் சேர்க்காது. நண்பர் மகன் பிரின் மாருக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தான். அவனைப் போன்றவர்களுக்கான இடம் அது இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவன் இரண்டாம் வகை. பாடங்களைப் படித்துவிட்டான், மதிப்பெண் கைகொடுக்கவில்லை. இவர்களை அகாடமிக் என்ஹான்சர் என்பார்கள். தேவையானது புதிய, கடினமான அறிவியல் பாடங்களில் "இப்போது என்னால் முடியும்" என்று காட்டுகிற மதிப்பெண்கள்.

மூன்றாவதாகவும் ஒரு வகை உண்டு. வசதி குறைந்த குடும்பங்களிலிருந்தும், மருத்துவத் துறையில் எண்ணிக்கை குறைவாக உள்ள சமூகங்களிலிருந்தும் வருகிறவர்களுக்காக நடத்தப்படுபவை. கலிஃபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிகள் சில சேர்ந்து இப்படி ஒரு கூட்டமைப்பை நடத்துகின்றன. தகுதி இருந்தால் இதை முதலில் பாருங்கள். உங்கள் பின்னணி தெரிந்த ஆலோசகர்கள் அங்கே இருப்பார்கள்.

இந்த வகைகளை வைத்தே வடிகட்டித் தேடக்கூடிய பட்டியல் ஒன்றை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. எம்கேட் நடத்துவதும் அவர்கள்தான். தேடலை அங்கிருந்து ஆரம்பிப்பது நல்லது.

ஒரு காகிதக் கணக்கு

அந்த ஞாயிறு மதியம் பையனுக்கு நான் போட்டுக் காட்டிய கணக்கு இது. கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை. அவன் பட்டத்துக்கு 120 கிரெடிட் முடித்திருக்கிறான், சராசரி 3.0. பெருக்கினால் 360 புள்ளி. போஸ்ட்பேக்கில் ஒரு வருடம் முழுநேரம் படித்து 30 கிரெடிட் எடுக்கிறான், எல்லாவற்றிலும் ஏ, அதாவது 4 புள்ளி, என்றே வைத்துக்கொள்வோம். 30ஐ 4ஆல் பெருக்கினால் 120. மொத்தம் 480 புள்ளி, 150 கிரெடிட். வகுத்தால் 3.2.

பையன் முகம் வாடிவிட்டது. ஒரு வருடம் முழுக்க ஏ வாங்கியும் இவ்வளவுதானா?

சரி, அடுத்த வரியைப் பார் என்றேன். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதம் நான்கையும் சேர்த்துத் தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடுகிறது. அவனுக்கு அறிவியலில் 50 கிரெடிட், சராசரி 2.7, அதாவது 135 புள்ளி. புது 30 கிரெடிட்டின் 120 புள்ளியைக் கூட்டினால் 255. 80ஆல் வகுத்தால் 3.19. மொத்த ஜி.பி.ஏ. ஐந்தில் ஒரு பங்கு புள்ளிதான் ஏறியது, அறிவியல் ஜி.பி.ஏ. ஏறக்குறைய அரைப் புள்ளி ஏறிவிட்டது. அது மட்டுமல்ல, போஸ்ட்பேக் மதிப்பெண் அந்தப் படிவத்தில் தனி வரியாகவும் வரும். படிக்கிறவர் கண்ணுக்கு முதல் வருடம் 2.6, கடைசி வருடம் 3.2, போஸ்ட்பேக் 4.0 என்று படிப்படியாக ஏறுவது தெரியும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் இந்த ஏற்றத்தைப் பார்க்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பழைய பாடத்தை மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடாது. ஆம்காஸ் இரண்டையும் கணக்கில் எடுக்கும். டி.ஓ. கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் ஒரு காலத்தில் புது மதிப்பெண் பழையதன் இடத்தில் உட்காரும். 2017இல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். டெக்ஸாஸில் வசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: பத்து ஆண்டுக்கு முந்தைய பாடங்களை ஒட்டுமொத்தமாக ஒதுக்கச் சொல்லும் 'அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட்' என்ற மாநிலச் சட்டம். அதில் நல்ல மதிப்பெண்களும் சேர்ந்தே போய்விடும், அந்த மாநில அரசுக் கல்லூரிகளைத் தாண்டி உதவாது. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

அவனுடைய சி மைனஸ் பிசிக்ஸைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். பல கல்லூரிகள் 'சி'க்குக் கீழே ஏற்காது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் வாங்கிய சி ஏற்கப்படும். அதை மறுபடி படிப்பதைவிட, அதற்கு அடுத்த படியான பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கினால் ஆர்கானிக் புரிந்துவிட்டது என்பதும் தெரியும், ஒரு புதுப் பாடமும் முடிந்திருக்கும்.

ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் எனும் இருமுனைக் கத்தி

மதிப்பெண் குறைந்தவர்களிடம் பலர் சொல்லும் யோசனை ஸ்பெஷல் மாஸ்டர்ஸ். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கென்றே நடக்கும் முதுநிலைப் படிப்பு அது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் உடலியலில் இதை 1970களிலேயே தொடங்கியது; பாஸ்டன், டஃப்ட்ஸ் போன்ற இடங்களிலும் இந்த மாதிரிப் படிப்புகள் உண்டு. ஒரு வருடம், சில இடங்களில் இரண்டு வருடம். சிலவற்றில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்களோடு அதே வகுப்பில் உட்கார்ந்து, அதே தேர்வை எழுதுவீர்கள். அவர்களுக்கு இணையாக மதிப்பெண் வாங்கினால் அதைவிட நல்ல சான்று கிடையாது.

வாங்காவிட்டால்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அது நடந்தது. பையன் கெட்டிக்காரன். கல்லூரியில் மூன்றாம் வருடம் வீட்டில் நடந்த பெரிய சிக்கலால் படிப்பு சரிந்தது. அது தீராமலேயே பட்டம் முடித்த மூன்றாவது மாதம் ஸ்பெஷல் மாஸ்டர்ஸில் சேர்ந்துவிட்டான். 3.1 வந்தது. கடனும் மிஞ்சியது, முன்பு திறந்திருந்த சில கதவுகளும் மூடிக்கொண்டன. "மருத்துவக் கல்லூரிப் பாடத்தையே கொடுத்துப் பார்த்தோம், முடியவில்லை" என்று அந்த மதிப்பெண் சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் எதைக் காட்டி வாதாடுவது?

இன்னொரு நுணுக்கம். மாஸ்டர்ஸ் மதிப்பெண் ஆம்காஸில் தனி வரியில் போகும்; இளநிலை ஜி.பி.ஏ.வைத் தொடவே தொடாது. அதனால் இளநிலை 3.0க்குக் கீழே இருப்பவர்கள் முதலில் இளநிலைப் பாடங்களை எடுத்து அதைக் கொஞ்சம் தூக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. 3.3, 3.4 வைத்துக்கொண்டு, எம்கேட்டும் நன்றாக எழுதி, இருந்தும் இடம் கிடைக்காதவர்களுக்கு ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் பொருந்தும். எதற்கும் முன்னால், மதிப்பெண் ஏன் சரிந்தது என்ற காரணத்தைத் தீர்க்க வேண்டும். உடல்நிலையா, இரவு வேலையா, படிக்கும் முறையா? காரணம் அப்படியே இருந்தால் எந்தப் படிப்பிலும் அதே மதிப்பெண்தான் திரும்ப வரும்.

பெயர் பெற்ற படிப்பா, பக்கத்துப் பல்கலைக்கழகமா?

போஸ்ட்பேக் என்று போர்டு மாட்டிய படிப்பில்தான் சேர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குச் சேராத மாணவராகப் பதிவு செய்துகொண்டு, தேவையான பாடங்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம். இதைத் தானே கட்டிக்கொள்ளும் போஸ்ட்பேக் என்கிறார்கள். பெயர் பெற்ற தனியார் இடங்களில் கட்டணம் மட்டுமே 40,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அரசுப் பல்கலைக்கழகத்தில், அந்த மாநிலத்தில் வசிப்பவருக்கு அதில் ஒரு பகுதிதான் ஆகும். வேலையை விடாமல் மாலை வகுப்பாகவும் எடுக்கலாம். இரண்டாண்டுப் படிப்பு தரும் சமூகக் கல்லூரி இன்னும் மலிவு. ஆனால் சில மருத்துவக் கல்லூரிகள் முக்கியமான அறிவியல் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் எடுத்திருக்க விரும்புகின்றன. ஆய்வகத்தை ஆன்லைனில் முடித்தாலும் சிலர் ஏற்பதில்லை.

பெரிய படிப்புகள் வாங்கும் பணத்துக்கு என்ன தருகின்றன? வகுப்பில் கட்டாயம் இடம். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்குச் சேராத மாணவர்கள் கடைசியாகத்தான் பதிவு செய்ய முடியும், ஆர்கானிக் ஆய்வகம் நிரம்பியிருந்தால் ஒரு செமஸ்டரே வீணாகும். அப்புறம் ஆலோசகர், எல்லாப் பேராசிரியர்களின் கருத்தையும் தொகுத்துத் தரும் கமிட்டி கடிதம், கூடவே ஓடும் சக மாணவர்கள். கடைசியாக லிங்கேஜ்.

லிங்கேஜ் என்பது போஸ்ட்பேக் நடத்தும் கல்லூரிக்கும் ஒரு மருத்துவக் கல்லூரிக்கும் உள்ள ஒப்பந்தம். குறிப்பிட்ட மதிப்பெண் வாங்கினால் காத்திருக்காமல் அந்த ஆண்டே அங்கே சேரலாம். என் அக்கா மகளுக்கு அதை நாட்காட்டியில் காட்டினேன். முழுநேரப் படிப்பில் 2026 கோடையில் ஜெனரல் கெமிஸ்ட்ரி. செப்டம்பரிலிருந்து 2027 மே வரை ஆர்கானிக், பயாலஜி, பிசிக்ஸ். வசந்த காலத்தில் எம்கேட். ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பம். ஆனால் அந்த விண்ணப்பம் 2028 ஆகஸ்ட் சேர்க்கைக்கு. நடுவில் ஒரு வருடம் சும்மா நிற்கும். அதைக் கிளைட் இயர் என்பார்கள். லிங்கேஜ் கிடைத்தால் 2027 ஆகஸ்டிலேயே சேரலாம். பதிலுக்கு, அந்த ஒரே கல்லூரிக்கு வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். வேறெங்கும் முயன்று பார்க்க முடியாது. எல்லாருக்கும் கிடைப்பதும் இல்லை. லிங்கேஜை மட்டும் நம்பி ஒரு இடத்தில் பணம் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கெமிஸ்ட்ரி ஒரு சங்கிலி என்பதையும் மறக்க வேண்டாம். ஜெனரல் ஒன்று, ஜெனரல் இரண்டு, ஆர்கானிக் ஒன்று, ஆர்கானிக் இரண்டு, பிறகு பயோகெமிஸ்ட்ரி. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மாலை வகுப்பில் ஒவ்வொன்றாக எடுப்பவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆவது இதனால்தான்.

படிப்பு நடத்துபவர்களிடம் என்ன கேட்பது?

"எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேர் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள்" என்று சொல்வார்கள். எத்தனை பேரில் என்று கேளுங்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 40 பேர் சேர்ந்தார்கள். 5 பேர் பாதியில் நின்றார்கள். 5 பேருக்கு மதிப்பெண் போதவில்லை என்று கமிட்டி கடிதம் கொடுக்கவில்லை. விண்ணப்பித்த 30 பேரில் 27 பேருக்கு இடம். அது 90 சதவீதம்தான். முதல் நாள் உள்ளே நுழைந்த 40 பேரை வைத்துப் பார்த்தால் 67 சதவீதத்தை ஒட்டி வருகிறது. பணம் கட்டுகிற உங்களுக்குத் தேவையான எண் இரண்டாவது. கூடவே, "மருத்துவக் கல்லூரி" என்ற கணக்கில் கரீபியன் தீவுக் கல்லூரிகளும் பல் மருத்துவமும் சேர்ந்திருக்கிறதா, எத்தனை வருடத்துக்குள் சேர்ந்தார்கள், கமிட்டி கடிதத்துக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. உண்டா என்றும் கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

கடன் விஷயத்தையும் அதே தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். பட்டம் தராத போஸ்ட்பேக்குக்கு அரசுக் கல்விக்கடன் கிடைத்தாலும் தொடர்ச்சியாக 12 மாதத்துக்குத்தான், அதுவும் சிறிய தொகை. மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் முழுச் செலவுக்கும் நம்பியிருந்த கிராட் பிளஸ் கடன், 2025இல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிடையாது. பொதுவான மாஸ்டர்ஸுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. இங்கே வாங்கும் ஒவ்வொரு டாலரும் பின்னால் வரும் நான்கு வருடத்தின் சுமையோடு சேரும். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

இந்தியாவில் பட்டம் வாங்கிவிட்டு இங்கே வந்தவர்கள், முக்கியமாக வேலை விசாவில் வந்தவரின் துணைக்குக் கிடைக்கும் எச்4 விசாவில் இருக்கும் பெண்கள், என்னிடம் அடிக்கடி கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் வாங்கிய பி.டெக். மதிப்பெண்ணை ஆம்காஸ் ஜி.பி.ஏ.வில் சேர்க்காது. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பிரீமெட் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்கச் சொல்லும். சில இங்கே வாங்கிய பட்டத்தையே கேட்கும். எச்4இல் இருப்பவர் படிக்கத் தடையில்லை. ஆனால் பல மருத்துவக் கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கின்றன. போஸ்ட்பேக்குக்குப் பணம் கட்டும் முன்னால், சேர விரும்பும் பத்து மருத்துவக் கல்லூரிகளின் பக்கத்தில் இந்த இரண்டு விதிகளையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு இந்தப் பாதையே வேண்டாம், அவர்கள் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றும், மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.ஈ. தேர்வும் வழியாக நேராக ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சிக்கு முயல்கிறார்கள்.

அன்று மாலை காபி குடித்துக்கொண்டே இருவரும் முடிவுக்கு வந்தார்கள். அக்கா மகள் வார இறுதிகளில், வாழ்வின் கடைசி நாட்களில் இருப்பவர்களைக் கவனிக்கும் ஒரு ஹாஸ்பிஸில் தொண்டு செய்கிறாள். அதை விட மனமில்லை, மருத்துவக் கல்லூரிகளும் அந்த மாதிரி அனுபவத்தைப் பெரிதாக மதிக்கின்றன. லிங்கேஜோடு கூடிய முழுநேரப் படிப்பு ஒன்றுக்கும், வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்தாள். இரண்டிலும் இடம் கிடைத்தது. கடன் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு வருடம் தாமதமாகும், பரவாயில்லை சித்தி என்றாள்.

நண்பர் மகன் இரவு ஷிஃப்ட் வேலையை முதலில் விட்டான். செப்டம்பரில் முழுநேரம் குதிக்காமல் இரண்டே பாடங்களுக்குப் பதிவு செய்தான்: பயோகெமிஸ்ட்ரி, ஜெனெடிக்ஸ். டிசம்பரில் இரண்டு மதிப்பெண்களும் வந்த பிறகுதான் அடுத்த செமஸ்டருக்கு நான்கு பாடங்களை எடுத்தான். அதில் ஒன்று அந்தப் பழைய பிசிக்ஸ்.